மூன்றாம் தண்ணீர்

எத்திராஜ் அண்ணாச்சி இறந்துபோன செய்தியை மெக்கானிக் காதர்தான் கொண்டுவந்தார். சைக்கிளைப் பள்ளிக்கூட வேலியில் சாத்திவிட்டுத் தையல் வகுப்பு வாசலில் வந்து நின்றார். லாரிக்கு அடியில் படுத்தே பாதி ஆயுளைக் கழித்த மனிதர். எதையும் பட்டென்று போட்டு உடைக்கிறவர். அன்று வாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். கடைசியில், "அண்ணாச்சி போய்ட்டாக, டீச்சர்" என்றார்.

நான் கேட்ட முதல் கேள்வி, "துணி கிளிஞ்சுபோச்சா?" என்பது.

காதருக்கு ஒன்றும் புரியவில்லை. "என்ன துணி? மதுரை ஆஸ்பத்திரில, நெஞ்சுவலி. விடியக்காலம் கட்டில்ல படுத்தபடியே போய்ட்டாக" என்றார். எனக்கு உடனே அழுகை வரவில்லை. முதலில் வந்தது நிம்மதி. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். கட்டிலில் போனார், வானத்திலிருந்து விழுந்து போகவில்லை என்று ஒரு நிம்மதி. பிள்ளைகள் எல்லாம் வீட்டுக்குப் போன பிறகு, மெஷினுக்கு உறை மாட்டும்போதுதான் அழுதேன்.

ஏன் அப்படிக் கேட்டேன் என்பதைச் சொல்லவே இதை எழுத உட்கார்ந்தேன். அவரை மதித்தவர்கள் அருப்புக்கோட்டையிலும் திருச்சுழியிலும் நிறையப் பேர் இருக்கிறீர்கள். 'ரெக்கை உரிஞ்ச பிளேனுக்காரர்' என்று சொல்லிச் சிரித்தவர்களும் குறைவில்லை. இரண்டு தரப்பும் இதைப் படிக்க வேண்டும் என்பது என் ஆசை.

அவர் பரளச்சிக்காரர். வானம் பார்த்த பூமியில் பருத்தியும் கம்பும் போடுகிற வீட்டுப் பிள்ளை. வடக்கே ஒரு விமானத் தொழிற்சாலையில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு, அறுபதுகளின் நடுவில் ஊர் திரும்பினார். பந்தல்குடி ரோட்டில் மூடிக்கிடந்த பருத்திக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்து, விமானம் செய்யப்போவதாகச் சொன்னார். கிறுக்கு என்றார்கள். முதலில் என்ஜின் இல்லாத கிளைடர் ஒன்று செய்தார். காதரின் லாரி இழுத்துக்கொண்டு ஓட, அது பொட்டலிலிருந்து எழும்பியது. அடுத்து ஒற்றை ஆள் விமானம். மூன்றாவது, இரண்டு பேர் உட்காருகிற விமானம். அதற்கு அரசாங்க ஒப்புதல் கிடைத்துவிட்டால் பருத்திக் காட்டுக்கு மருந்தடிக்க வரிசையாகச் செய்து விற்கலாம் என்பது அவர் கணக்கு. அவர் வாழ்க்கை முழுவதும் அந்த மூன்றாவது விமானத்தில்தான் இருந்தது.

அந்த விமானத்தின் இறக்கை தகரம் அல்ல. மரச் சட்டத்தின் மேல் இழுத்துத் தைத்த பருத்தித் துணி. அதனால்தான் ஒரு நாள் எங்கள் பெண்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்து, தையல் டீச்சர் யார் என்று கேட்டார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவே இல்லை. அந்தக் கண்ணாடியில் அவருக்கு அவ்வளவு கர்வம். கொட்டகை இருட்டிலும் மாட்டிக்கொண்டுதான் திரிவார், இடித்துக்கொள்வார், இடித்த சாமானைத் திட்டுவார்.

"உங்களுக்குப் பயம் உண்டா, டீச்சர்?" என்று கேட்டார்.

"பல்லி மேல விளுந்தாலே ரெண்டு நாளைக்கு எனக்குச் சோறு எறங்காது, அண்ணாச்சி" என்றேன்.

"அப்ப நீங்கதான் வேணும். தைரியசாலி தச்ச துணிய நம்பி நான் மேல ஏற மாட்டேன்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. மறுநாளிலிருந்து பள்ளிக்கூடம் விட்டதும் கொட்டகைக்குப் போய் இறக்கை தைத்தேன். துணி நெய்தது என் வீட்டுக்காரர். எங்களுடையது நெசவுக் குடும்பம். வீட்டுக்குள் தெலுங்கு, தெருவைத் தாண்டினால் தமிழ்.

அந்தக் கொட்டகையில் வேறெங்கும் இல்லாத ஒரு வழக்கம் இருந்தது. விமானம் ஏறுகிற நாள் காலையில், அதில் வேலை செய்தவர்கள் எல்லோரும் சுற்றி நின்று, அதன் மேல் கையை வைத்து, அவரவர் பயத்தைச் சொல்ல வேண்டும். "பயத்தச் சொல்லுங்க" என்று ஆரம்பிப்பார் அண்ணாச்சி. சாமி கும்பிடுகிற மாதிரி நிற்போம். ஒரு முறை காதர், "பெட்ரோல் குளாய் வளைவுல விரிசல் மாதிரி கண்ணுல பட்டுச்சு, வெறும் அளுக்கான்னு தெரியல" என்றார். அரை நாள் கழற்றிப் பார்த்தார்கள். வெறும் அழுக்குதான். அண்ணாச்சிக்குத் துளிக்கூடக் கோபம் இல்லை. டீ வாங்கித் தந்தார். இரண்டு பேருக்கு ஒரு டீ வாங்குகிற மனிதர், அன்றைக்கு ஆளுக்கொன்று. இன்னொரு நாள் அவர் முறை வந்தபோது, "இன்னைக்கு எனக்குப் பயமே வரல. அதான் பயமா இருக்கு" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். அன்று விமானம் ஏறவில்லை.

இன்னொரு வழக்கமும் உண்டு. பின் ஆசனத்தில், விமானத்தைச் செய்தவர்களில் ஒருவர் உட்கார வேண்டும். காதர் இரண்டு முறை போய்வந்துவிட்டார். அடுத்தது என் முறை என்று எல்லோருக்கும் தெரியும். அந்தப் பேச்சு வந்தாலே ஊசியைத் தேடுகிற சாக்கில் எழுந்துபோய்விடுவேன்.

இனி துணிக்கு வருகிறேன். தறியில் நீளவாக்கில் ஓடுகிற பாவு நூலுக்குக் கஞ்சி போடாமல் நெய்ய முடியாது. நூல் அறுந்துகொண்டே இருக்கும். அதனால் தறியிலிருந்து இறங்குகிற துணியில் கஞ்சி விறைப்பு இருக்கும். வேட்டிக்கு அது அழகு. விமானத்துக்கு எமன். துணியைச் சட்டத்தில் தைத்தபின் மேலே நெடியடிக்கிற ஒரு பூச்சுப் பூசுவார்கள். அது நூலுக்குள் இறங்கிக் காய்ந்தால்தான் துணி இறுகி நிற்கும். கஞ்சி இருந்தால் பூச்சு உள்ளே இறங்காது, மேலோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். ஆகவே துணியைத் தைக்கும் முன் கஞ்சி போக அலச வேண்டும். "மூணு தண்ணி, டீச்சர், மூணு தண்ணி" என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

ஒப்புதலுக்காக இறக்கைகளுக்குப் புதுத் துணி மாட்டிய அந்த வருஷம் மழை பொய்த்திருந்தது. கிணற்றில் முறை வைத்து இறைத்தோம். வீட்டுக்கு ஆறு குடம். அதற்கு மேல் ஒரு செம்பு கேட்டாலும் சண்டை. மற்ற துணிகளை எல்லாம் ஒவ்வொரு நாளாக, மும்மூன்று தண்ணீரில் ஒழுங்காக அலசிவிட்டேன். கடைசித் துணி ஒன்று இருந்தது. இடது இறக்கையின் முன்பக்கத்துக்கானது. அன்று மகளுக்குக் காய்ச்சல். குடிக்க வைத்திருந்த ஒரே குடத்தைத் தொட மனம் வரவில்லை. கொல்லையில் முந்தின நாள் துணி அலசிய தண்ணீர் மூன்று அண்டாவில் இருந்தது. எங்கள் ஊரில் தண்ணீரைக் கீழே கொட்டுகிற பெண் கிடையாது. கஞ்சித் தண்ணீர் என்றால் எருமைக்காவது ஆகும் என்று எடுத்து வைப்போம். அந்த மூன்று அண்டாவிலும் துணியை முக்கி அலசினேன். மூன்றாவது தண்ணீர் பார்வைக்குத் தெளிவாகத்தான் இருந்தது.

மூன்று தண்ணீர் என்றார், மூன்று தண்ணீர் ஆயிற்று என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காய்ந்த துணியைக் கொடியிலிருந்து எடுத்தபோது விரலுக்கு உண்மை தெரிந்துவிட்டது. நெசவாளி வீட்டு விரல், தெரியாமல் போகுமா? ஆனாலும் தைத்தேன். பூச்சுப் பூசிக் காய்ந்த அன்று அண்ணாச்சி ஒவ்வொரு இடமாக விரலால் சுண்டிப் பார்த்துக்கொண்டே வந்தார். இடது இறக்கையின் முன்பக்கம் விண்ணென்று பேசியது. கஞ்சியின் விறைப்பு அது. "இது மத்ததவிட நல்லா நிக்கிதே!" என்று என்னைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். அப்போதே சொல்லியிருக்கலாம். பூச்சு டப்பாவை மூடுகிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

ஒப்புதலுக்குப் பார்வையிட அதிகாரி வருகிற நாளுக்கு முந்தின சாயங்காலம் கோடை மழை தூறியது. ஊரே வாசலில் வந்து நின்று நனைந்தது. மல்லாங்கிணறுப் பக்கம் நல்ல மழை என்று பஸ்ஸில் வந்தவர்கள் சொன்னார்கள். நான் ஒருத்திதான் அந்த மழை நிற்காதா என்று வேண்டிக்கொண்டிருந்தேன். கொட்டகைக் கூரை குட்டை. விமானத்தின் இடது இறக்கை எப்போதும் சாரலில்தான் நிற்கும். ஈரம் பட்டால் கஞ்சி இளகும், அதன்மேல் ஒட்டிய பூச்சு கிளம்பும். மறுநாள் காலை ஓடிப்போய்த் தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. தெரிந்திருந்தால் தப்பித்திருப்பேன், வேறு யாராவது பார்த்துச் சொல்லியிருப்பார்கள்.

அதிகாரி ஜீப் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு ஆள் பாரத்தோடு ஏறிக் காட்டச் சொன்னார். பொட்டலைச் சுற்றிக் கூட்டம். என் வீட்டுக்காரரும் புது வேட்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார். அவர் நெய்த துணி அல்லவா பறக்கப்போகிறது!

"பயத்தச் சொல்லுங்க" என்றார் அண்ணாச்சி.

காதர் ஏதோ டயரைப் பற்றிச் சொன்னார். என் முறை. இடது இறக்கையின் மேல்தான் கை வைத்திருந்தேன். சொன்னால் துணியைக் கிழிக்க வேண்டும், அதிகாரி திரும்பிப் போய்விடுவார், கூட்டத்துக்கு நடுவில் என் வீட்டுக்காரர் தலைகுனிந்து நிற்பார். "மேல போனா தலை சுத்துமோன்னு பயமா இருக்கு" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணாச்சி மட்டும் என்னை ஒரு நொடி கூடுதலாகப் பார்த்தார். கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் அந்தக் கண் என்ன கேட்டது என்று எனக்குத் தெரியாது.

ஏற மாட்டேன் என்று சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். ஏன் என்று கேட்டால் காரணம் சொல்ல வேண்டுமே. சொல்வதைவிடச் சாவது எனக்கு எளிதாகத் தோன்றியது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன். மகள் கையாட்டினாள்.

மேலே போனதில் எனக்கு அழகாக எதுவும் நினைவில்லை. கீழே குண்டாறு மணலாகக் கிடந்தது. திருச்சுழிக் கோபுரம் தெரிந்தது. நான் இடது இறக்கையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. முதலில் ஒரு சின்னக் கொப்புளம். எண்ணெயில் போட்ட அப்பளத்தில் எழும்புமே, அப்படி. பிறகு அதன் பக்கத்தில் ஒன்று. பிறகு இரண்டும் சேர்ந்துகொண்டன. பூச்சு ஓரமாகக் கிளம்பி, ஒரு முழ நீளத்துக்குத் தோல் உரிகிற மாதிரி உரிந்து காற்றில் படபடவென்று அடித்தது. அதற்கடியில் என் துணி தளர்ந்து, தொளதொளவென்று ஆடிற்று. நான் தைத்த தையல் ஒவ்வொன்றாக இழுபடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கத்தினேனா, குலதெய்வத்தைக் கூப்பிட்டேனா, தெரியவில்லை. முன்னால் இருந்த அவர் முதுகில் இரண்டு கையாலும் அடித்தேன்.

திரும்பிப் பார்த்தார். அப்போதுதான் அவர் முகத்தில் பயத்தைப் பார்த்தேன். அத்தனை நாள் பயம் பயம் என்று பேசிய மனிதரின் பயம் எப்படியிருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. உதடு வெளுத்திருந்தது. பொட்டலுக்குத் திரும்பவில்லை, அவ்வளவு தூரம் தாங்காது. விமானத்தை வலது பக்கம் சாய்த்தே மெல்ல இறக்கிக்கொண்டு போய், வற்றிக்கிடந்த பரளச்சிக் கண்மாய்க்குள் விட்டார். சின்ன வயதில் ஆடிய இடம், எந்தப் பக்கம் வெடிப்பு, எந்தப் பக்கம் இறுகல் என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் ஒரு சக்கரம் வெடிப்பில் மாட்டி முறிந்தது. அவர் நெற்றியில் ரத்தம். எனக்கு மணிக்கட்டில் வீக்கம். அவ்வளவுதான். உயிரோடு இருந்தோம்.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மா ஓடிவந்து தூக்குச்சட்டியில் இருந்த தண்ணீரை நீட்டினார். அண்ணாச்சி குடிக்கவில்லை. உரிந்த இடத்தில் கொஞ்சம் ஊற்றிக் கட்டைவிரலால் தேய்த்தார். வெள்ளையாக வழவழத்தது. விரலை நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"எத்தன தண்ணி, டீச்சர்?"

"மூணு."

"எந்தத் தண்ணி?"

"கொல்லையில அண்டால இருந்த..." என்று இழுத்தேன்.

"எருமைக்கு வச்ச தண்ணியா?"

தலையை ஆட்டினேன். முறிந்த சக்கரத்தின் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "நானும் இந்த ஊர்ல பெறந்தவந்தான். கொளாய்த் தண்ணி ஊர்ல இருந்து இருந்து இதக் கேக்கணும்னு தோணாமப் போச்சு" என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். "துணிய விடுங்க. காலைல கைய வச்சுக்கிட்டு என்ன சொன்னீக? தலை சுத்தும்னீக. பயத்த மறைச்சிட்டீகளே, டீச்சர். இனி நான் எத நம்பி ஏறுவேன்?"

ஜீப்பில் வந்து சேர்ந்த அதிகாரி என்ன ஆயிற்று என்று கேட்டார். "துணில பூச்சுப் பிடிக்கல. என் வேலைல கொறை" என்றார் அண்ணாச்சி. என் பக்கம் திரும்பக்கூட இல்லை. அதிகாரி அதை அப்படியே எழுதிக்கொண்டு போனார்.

நான்கு மாதம் என்னோடு அவர் பேசவில்லை. அது நியாயம்தான். ஒப்புதல் மறுக்கப்பட்டது. அடுத்த வருஷம் மறுபடியும் கேட்டார். 'இறக்கை உறை பறப்பில் உரிந்தது' என்ற பழைய வரியைக் காட்டியே மறுத்தார்கள். அந்தக் கடிதம் வந்ததைக் காதர் சொல்லக் கேட்டுக் கொட்டகைக்குப் போனேன். "அலசினது நான், தப்பு என்னோடதுன்னு எளுதித் தாரேன், அண்ணாச்சி. உங்க டிசைன்ல கொறை இல்லன்னு தெரிஞ்சா குடுத்துருவாக" என்றேன்.

உளியைக் கீழே வைக்காமலே சொன்னார்: "எளுதணும்னு உங்களுக்கா தோணுச்சுன்னா எளுதுங்க. நான் எளுதச் சொல்ல மாட்டேன்."

அன்றே எழுதினேன். ஒரு பக்கம். வீட்டுக்காரர் படித்துவிட்டு, இது போனால் அருப்புக்கோட்டைத் துணி என்றாலே கஞ்சித் துணி என்று ஆகிவிடும், தெருவே தறியை நம்பித்தானே இருக்கிறது என்றார். அவர்மேல் பழி போட நான் தயாரில்லை. அவர் ஒரு வார்த்தை சொன்னார். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். பயந்தவள் நான். வேலை போய்விடுமோ, பேர் கெட்டுவிடுமோ, பிள்ளைகள் கேலி பேசுமோ என்ற பயம். கடிதத்தை மெஷின் இழுப்பறையில் நூல்கண்டுகளுக்கு அடியில் வைத்தேன்.

அதன்பிறகு அவர் விமானம் எதுவும் செய்யவில்லை. பம்புசெட்டும் பருத்தி மில் எந்திரங்களும் பழுதுபார்த்துக் காலத்தை ஓட்டினார். இடது இறக்கைக்குத் தானே துணி தைத்து, சில காலை வேளைகளில் பொட்டலுக்கு மேல் தனியாகப் பறப்பார். அந்தச் சத்தம் பள்ளிக்கூடத்துக்கு மேல் வந்தால் நான் மெஷினை நிறுத்திவிடுவேன். அது தேய்ந்து மறைந்து, மறுபடி கேட்டு, அடங்குகிற வரைக்கும் மிதிக்க மாட்டேன். மிதித்தால் தையல் விட்டுப்போகும் என்று ஒரு கிறுக்குப் பயம். கடைத்தெருவில் பார்த்தால், "நல்லா இருக்கீகளா, டீச்சர்?" என்பார். கடிதம் என்னாச்சு என்று கேட்டுவிடுவாரோ என்று ஒவ்வொரு முறையும் நடையை எட்டிப்போடுவேன். ஒரு முறைகூடக் கேட்கவில்லை. அவர் கேட்டிருந்தால் தேவலை.

அவர் உடலைப் பரளச்சிக்குக் கொண்டுபோன அன்று, காதரும் இன்னும் நாலு பேரும் கொட்டகையிலிருந்து விமானத்தைத் தள்ளிக்கொண்டு வந்து ரோட்டோரம் நிறுத்தியிருந்தார்கள். அண்ணாச்சியின் வண்டி அதைத் தாண்டுகையில் கொஞ்சம் நின்றது. காதர் இறக்கைமேல் கையை வைத்து, "கடைசியா ஒரு தரம், பயத்தச் சொல்லுங்க" என்றார். ஒருவர், இனி நம்மை யார் மதிப்பார் என்றார். ஒருவர் அழுதார். என் முறை வந்தது. என் கை அதே இடது இறக்கையில்தான் இருந்தது. "வெயிலு... தலை சுத்துற மாதிரி இருக்கு" என்றேன். சத்தியமாகச் சொல்கிறேன், மறுபடியும் அதையேதான் சொன்னேன்.

அவர் எனக்கென்று விட்டுப்போனது ஒரு முழத் துணி. அன்று கண்மாயில் இறக்கையிலிருந்து கத்தரித்து, "வச்சுக்கங்க" என்று கையில் கொடுத்தது. இன்னும் விறைப்பாகத்தான் இருக்கிறது. நான் அதை அலசவே இல்லை. இப்போது அதன்மேல் இடது கையை வைத்துக்கொண்டு வலது கையால் எழுதுகிறேன்.

இழுப்பறையில் இருந்த அந்தக் கடிதத்தில் எழுதியிருந்தது இதுதான்: எத்திராஜ் செய்த விமானத்தில் குறை இல்லை. அந்த இடது இறக்கை உரிந்ததற்குக் காரணம் நான். துணியைப் பழைய தண்ணீரில் அலசினேன், தெரிந்தே தைத்தேன், கேட்டபோது மறைத்தேன்.

பொட்டலில் கேட்டபோது சொல்லவில்லை. ரோட்டோரம் கேட்டபோதும் சொல்லவில்லை. இது மூன்றாம் தண்ணீர், அண்ணாச்சி. இதையாவது புதிதாக இறைத்திருக்கிறேன்.